அம்புக்குறியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்: ஆவர்த்தன அட்டவணையின் போக்குகளைப் படிக்கும் முறை

பிளஸ் ஒன் வேதியியலில் ஆவர்த்தனப் பாடம் தொடங்கியதும் பெரும்பாலான நோட்டுகளில் இரண்டு அம்புக்குறிகள் ஏறிவிடும். வலப்பக்கம் போனால் அணு ஆரம் குறையும், கீழே போனால் கூடும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். "பெரிலியத்தைவிடப் போரானின் அயனியாக்கும் ஆற்றல் ஏன் குறைவு?" என்று கேட்டுவிட்டால் அதே அம்புக்குறி தப்பான விடைக்குத்தான் வழிகாட்டும். (அயனியாக்கும் ஆற்றல் என்பது தனித்த வாயு நிலை அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றல். ஆரம் குறைந்தால் அது கூட வேண்டும் என்றே அம்புக்குறி நினைக்க வைக்கும்.) தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைப் படிப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும், போக்குகளைக் கணக்குப் போட்டே வரவழைக்கும் வழியை இங்கே தருகிறோம். நம் மாவட்டங்களின் பாறையிலும் போர் தண்ணீரிலும் இந்தப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்தப் போக்கைப் பற்றிக் கேட்டாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அணுக்கரு அதை எவ்வளவு பலமாக இழுக்கிறது? அது எத்தனையாவது கூட்டில் இருக்கிறது? எந்த வகை ஆர்பிட்டாலில் (கூட்டுக்குள் எலக்ட்ரான் உலவும் இடம்; எஸ், பி, டி, எஃப் என்று வகைகள் உண்டு), தனியாகவா ஜோடியாகவா இருக்கிறது? முதல் கேள்விக்கு விடை நிகர அணுக்கரு மின்சுமை. இரண்டாவதற்கு முதன்மைக் குவாண்டம் எண். மூன்றாவதற்கு எலக்ட்ரான் அமைப்பு. ஒரே வரிசையில் இடமிருந்து வலம் போகும்போது முதல் கேள்வி ஆளுகிறது. தொகுதியில், அதாவது அட்டவணையின் செங்குத்து நிரலில், இறங்கும்போது இரண்டாவது ஆளுகிறது. 'விதிவிலக்கு' என்று புத்தகம் சொல்பவற்றில் முக்கால்வாசி மூன்றாவது கேள்வியில்தான் பிறக்கிறது.

ஸ்லேட்டர் கணக்கு

அணுக்கருவின் முழு இழுப்பும் வெளி எலக்ட்ரானைச் சேராது. நடுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் திரை போல மறைக்கின்றன. எவ்வளவு மறைக்கின்றன என்பதற்கு ஜான் ஸ்லேட்டர் 1930-இல் எளிய விதிகள் தந்தார். எஸ், பி ஆர்பிட்டாலில் உள்ள ஓர் எலக்ட்ரானுக்குக் கணக்கிடும்போது, அதே கூட்டின் எஸ், பி எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் 0.35 (1எஸ் என்றால் மட்டும் 0.30), அதற்கு ஒரு கூடு உள்ளே இருப்பவை ஒவ்வொன்றுக்கும் 0.85, அதற்கும் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றுக்கும் 1.00. இவற்றின் கூட்டுத்தொகையை அணு எண்ணிலிருந்து கழித்தால் நிகர அணுக்கரு மின்சுமை கிடைக்கும்.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். அமைப்பு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹. நாம் பார்க்கும் எலக்ட்ரான் 3எஸ்-இல் உள்ளது. மூன்றாம் கூட்டில் அதற்குத் துணை யாருமில்லை. இரண்டாம் கூட்டில் 8 பேர்: 8 × 0.85 = 6.80. முதல் கூட்டில் 2 பேர்: 2 × 1.00 = 2.00. மொத்த மறைப்பு 8.80. 11 − 8.80 = 2.20.

குளோரினில் மூன்றாம் கூட்டில் 7 எலக்ட்ரான்கள். நாம் பார்ப்பதை நீக்கினால் 6: 6 × 0.35 = 2.10. உள்ளே முன்போலவே 8.80. மொத்தம் 10.90. 17 − 10.90 = 6.10. சோடியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இழுப்பு. ஒவ்வொரு தனிமம் வலப்பக்கம் நகரும்போதும் ஒரு புரோட்டான் கூடுகிறது, மறைப்பு 0.35 மட்டுமே கூடுகிறது. மிச்சம் 0.65 இழுப்பாகச் சேர்கிறது. 2.20, 2.85, 3.50, 4.15 என்று ஏறிக்கொண்டே போய் ஆர்கானில் 6.75-ஐத் தொடும். அணு சுருங்குவதற்குக் காரணம் இந்த 0.65 தான். விடைத்தாளில் இதை ஒரு வரியாக எழுதினால் மதிப்பெண் தராமல் இருக்க முடியாது.

பொட்டாசியத்துக்குப் போட்டுப் பாருங்கள். 8 × 0.85 = 6.80, உள்ளே 10 × 1.00 = 10.00, மொத்தம் 16.80. 19 − 16.80 = 2.20. சோடியத்துக்கும் அதே 2.20! இழுப்பு மாறவில்லை, கூடு மட்டும் மூன்றிலிருந்து நான்காகியிருக்கிறது. அதனால்தான் உலோக ஆரம் 186 பிக்கோமீட்டரிலிருந்து 227-க்கு வீங்குகிறது. இன்னும் நுட்பமான கணக்குகளில் சோடியத்துக்கு 2.51, பொட்டாசியத்துக்கு 3.50 என்று வரும். அப்போதும் இழுப்பின் ஏற்றத்தைத் தொலைவு தோற்கடித்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. பார்க்கும் எலக்ட்ரானையே மறைப்பில் சேர்த்து எண்ணிவிடுவது முதலாவது. குளோரினில் 6-க்குப் பதில் 7 போட்டால் விடை 5.75 ஆகிவிடும். அடுத்தது, 3எஸ், 3பி இரண்டையும் வெவ்வேறு கூடுகளாக நினைத்து 3எஸ்-க்கு 0.85 போடுவது. எஸ்ஸும் பியும் ஒரே குழு. மூன்றாவதுதான் ஆபத்தானது: டி ஆர்பிட்டால் எலக்ட்ரானுக்குக் கணக்கிடும்போது 0.85 என்ற எண்ணே கிடையாது. அதே டி குழுவில் உள்ளவற்றுக்கு 0.35, உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் 1.00.

வரைபடம் போடுதல்

பள்ளியில் தரும் கிராஃப் தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தனிமம், ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை 20. செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டர் 200 கிலோஜூல். உயரமான புள்ளி ஹீலியம், ஏறத்தாழ 11.9 சென்டிமீட்டரில் வரும். முதல் அயனியாக்கும் ஆற்றல் மதிப்புகள், கிலோஜூல்/மோல் அலகில், வரிசையாக: 1312, 2372, 520, 899, 801, 1086, 1402, 1314, 1681, 2081, 496, 738, 578, 786, 1012, 1000, 1251, 1521, 419, 590.

புள்ளிகளை நேர்கோடுகளால் இணையுங்கள். வளைகோடாக இழுத்தால் இந்தப் படத்தின் உயிரே போய்விடும், ஏனென்றால் பார்க்க வேண்டியது அந்தச் சின்னச் சின்னப் பள்ளங்களைத்தான். பெரிலியத்திலிருந்து போரானுக்கு 98 கிலோஜூல் இறக்கம், தாளில் 5 மில்லிமீட்டர். நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கு 88, அதாவது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மெக்னீசியத்திலிருந்து அலுமினியத்துக்கு 160, சரியாக 8 மில்லிமீட்டர். பாஸ்பரஸிலிருந்து கந்தகத்துக்கு வெறும் 12 கிலோஜூல். தாளில் அது 0.6 மில்லிமீட்டர், மொட்டைப் பென்சில் முனையின் தடிமனுக்குள் காணாமல் போய்விடும். இரண்டும் சமம் என்று பலர் எழுதுவது இதனால்தான். பென்சிலைக் கூராகச் சீவிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு புள்ளிகளின் பக்கத்தில் மட்டும் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

இப்போது பள்ளங்களுக்குக் காரணம். பெரிலியத்தில் நீக்க வேண்டிய எலக்ட்ரான் 2எஸ்-இல் இருக்கிறது, போரானில் 2பி-இல். எஸ் எலக்ட்ரான் அணுக்கருவின் அருகே வரை ஊடுருவிப் போகும். பி அந்த அளவுக்குப் போகாது, உள்ளே இருக்கும் 2எஸ் ஜோடியும் அதைக் கொஞ்சம் மறைக்கிறது. எனவே புரோட்டான் ஒன்று கூடியிருந்தும் போரானின் எலக்ட்ரான் எளிதில் கழன்றுவிடுகிறது. மெக்னீசியம், அலுமினியம் கதையும் இதுவே, 3எஸ்-க்கும் 3பி-க்கும் நடுவில். ஸ்லேட்டர் விதியில் எஸ்ஸும் பியும் ஒரே குழு என்பதால் இந்தப் பள்ளம் கணக்கில் தெரியாது. அதற்குத்தான் மூன்றாவது கேள்வி.

நைட்ரஜனில் மூன்று 2பி ஆர்பிட்டால்களிலும் ஒவ்வோர் எலக்ட்ரான். ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் ஏதாவது ஒன்றில் ஜோடி சேர்ந்தாக வேண்டும். ஒரே ஆர்பிட்டாலுக்குள் இருக்கும் இருவரும் ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள், அதனால் ஒன்றை நீக்குவது சுலபம். "பாதி நிரம்பியது நிலைப்புத்தன்மை உடையது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஜோடியின் விலக்கத்தையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

ஆரத்தில் வரும் ஒரு பொறி

அயனியாக்கும் ஆற்றலைப் போலவே அணு ஆரத்துக்கும் வரைபடம் போடலாம், ஒரு நிபந்தனையோடு. ஒரே வகை ஆரத்தை மட்டும் போட வேண்டும். குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களுக்கும் இடையே 198 பிக்கோமீட்டர், பாதி 99. அது சகப்பிணைப்பு ஆரம். மந்த வாயுக்களுக்குப் பல அட்டவணைகளில் தரப்படுவது பிணைப்பே இல்லாத வான் டெர் வால்ஸ் ஆரம். நியானுக்கு 154 என்று எழுதி, ஃபுளூரினின் 71-க்குப் பக்கத்தில் வைத்தால் நியான் திடீரென்று பெரிதாகிவிட்டது போலத் தோன்றும். அணு பெரிதாகவில்லை, அளவுகோல் மாறிவிட்டது.

போர் தண்ணீரில் இருக்கும் பாடம்

அயனி ஆரத்துக்கு நம் மாவட்டங்களை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. முதலில் எண்கள். ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள் ஐந்திலும் 10 எலக்ட்ரான்கள். ஆரம் முறையே 140, 133, 102, 72, 54 பிக்கோமீட்டர். எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே. புரோட்டான் 8-இலிருந்து 13 வரை ஏறுகிறது, இழுப்பு கூடக்கூட அயனி சுருங்குகிறது. சம எலக்ட்ரான் அயனிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அணு எண்ணை மட்டும் பாருங்கள். அணு எண் பெரிது என்றால் அயனி சிறிது.

ஹைட்ராக்சைடு அயனியின் ஆரம் ஏறத்தாழ 137. ஃபுளூரைடு 133. மின்சுமையும் இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடும். நம் பகுதியின் கிரானைட், நைஸ் பாறைகளில் இருக்கும் கருமைக்கா, ஹார்ன்பிளெண்டு, அபடைட் கனிமங்களில் ஹைட்ராக்சைடின் இடத்தில் ஃபுளூரைடு அமர்ந்திருக்கிறது. நீர் நெடுநாள் பாறை இடுக்கில் தங்கும்போது அது கரைந்து வெளியே வருகிறது. பிறகு அதே இடமாற்றம் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் நடக்கிறது: ஹைட்ராக்சி அபடைட்டின் ஹைட்ராக்சைடு போய் ஃபுளூரைடு ஏறுகிறது. அளவு மீறிப் போனால் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, எலும்பிலும் மூட்டிலும் வலி. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர வரையறை. இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு நிறைவேறி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு ஃபுளூரைடு பாதிப்பும் முக்கியக் காரணம்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். சோடியம் அயனியின் ஆரம் 102, கால்சியம் அயனியின் ஆரம் 100. அளவில் இரட்டைப் பிறவிகள். மின்சுமை மட்டும் 1+, 2+. சோடியம் ஃபுளூரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் கரையும். கால்சியம் ஃபுளூரைடு வெறும் 16 மில்லிகிராம் அளவே கரையும். இரட்டை மின்சுமை கொண்ட கால்சியம் ஃபுளூரைடைப் படிகத்துக்குள் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது இதற்குப் பெரிய காரணம். நீர் அயனிகளைச் சூழும்போது வெளிவரும் ஆற்றலும் கணக்கில் உண்டு என்பதால் மின்சுமையை மட்டும் வைத்து எல்லா உப்பின் கரைதிறனையும் சொல்லிவிட முடியாது. ஆனால் நிலத்தடி நீரில் கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடும்போது ஃபுளூரைடு கரைந்தே நிற்பதற்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

ஃபுளூரைடை நீக்க ஊக்குவிக்கப்பட்ட அலுமினா வடிகட்டி பயன்படுவதும் இதே பாடம்தான். 54 பிக்கோமீட்டருக்குள் 3+ மின்சுமையைச் சுருட்டி வைத்திருக்கும் அலுமினியம், சிறிய எதிர் அயனியான ஃபுளூரைடைப் பலமாகப் பிடிக்கிறது. ஒன்றை வீட்டிலும் சொல்லிவையுங்கள்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஒரு சோதனை: மெக்னீசியமும் கால்சியமும்

தொகுதியில் கீழே போனால் உலோகம் வேகமாக வினைபுரியும் என்பதைக் கண்ணால் காண, சோடியத்தை விடப் பாதுகாப்பான வழி இது. ஆசிரியர் கூட இருக்க வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும், பக்கத்தில் தீ கூடாது, வெளிவருவது ஹைட்ரஜன். இரண்டு 100 மில்லி பீக்கரில் 50 மில்லி காய்ச்சி வடித்த நீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). ஒன்றில் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த 3 சென்டிமீட்டர் மெக்னீசிய நாடா. மற்றதில் பச்சைப்பயறு அளவு கால்சியம், இடுக்கியால் எடுத்துப் போட வேண்டும். கால்சியம் உடனே நுரைத்து, நீர் இளஞ்சிவப்பாகிப் பால் போலக் கலங்கும். மெக்னீசியத்தைச் சுற்றி நெடுநேரம் கழித்து, அதுவும் நாடாவை ஒட்டி மட்டும், மெல்லிய நிறம் தெரியலாம். நீரைச் சூடாக்கிச் செய்தால் வேகம் கூடும்.

காரணத்தையும் எண்ணால் எழுதுங்கள். இரண்டு உலோகமும் இரண்டு எலக்ட்ரானை இழக்க வேண்டும். மெக்னீசியத்துக்கு 738 + 1451 = 2189 கிலோஜூல், கால்சியத்துக்கு 590 + 1145 = 1735. முதல் அயனியாக்கும் ஆற்றலை மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கதைதான்.

இந்தச் சோதனை நம் பகுதியில் சொதப்புவதற்கு முதல் காரணம் தண்ணீர். போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருந்தால் அது உருவாகும் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். நிறம் வரத் தாமதமாகும், கால்சியம் கார்பனேட் படிந்து நீர் முன்கூட்டியே கலங்கும். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காவிட்டால் மெக்கானிக் கடையில் விற்கும் பேட்டரி வாட்டரை வாங்குங்கள். பேட்டரி ஆசிட் வேறு, லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது காரணம் பழைய கால்சியம். பாட்டிலில் வெள்ளை பூத்துப்போன துண்டைப் போட்டால் குமிழியே வராமல் நிறம் மட்டும் வந்துவிடும். அது மேலே படிந்த ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் கரைந்ததால் வந்த நிறம், உலோகம் வினைபுரிந்ததற்கு அத்தாட்சி ஆகாது. குமிழியைப் பார்த்த பிறகே முடிவெழுதுங்கள்.

டி தொகுதியும் அதன் பக்கவிளைவும்

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அந்த இரும்பு முதலில் இழக்கும் எலக்ட்ரான் எது? கடைசியாக நிரம்பியது 3டி என்பதால் பலர் 3டி என்று எழுதுகிறார்கள். கணக்குப் போடுங்கள். இரும்பின் 4எஸ் எலக்ட்ரானுக்கு: கூட இருக்கும் ஒன்றுக்கு 0.35, மூன்றாம் கூட்டின் 14-க்கு 11.90, உள்ளே 10. மொத்தம் 22.25, நிகரம் 3.75. 3டி எலக்ட்ரானுக்கு: அதே குழுவில் 5 × 0.35 = 1.75, உள்ளே 18 × 1.00. மொத்தம் 19.75, நிகரம் 6.25. தளர்வாக இருப்பது 4எஸ். அதுதான் முதலில் போகும். ஸ்காண்டியத்துக்கு இதே கணக்கைப் போட்டால் இரண்டுக்கும் 3.00 என்றே வரும். அங்கே இந்த விதி தீர்ப்புச் சொல்லாது, கூடு எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

டி எலக்ட்ரான்கள் முழுதாக மறைப்பதில்லை என்பதால் அடுத்து வரும் காலியம் சுருங்கிவிடுகிறது. அலுமினியத்தின் நிகர மின்சுமை 3.50, காலியத்துக்கு 5.00. ஒரு கூடு கூடியும் அயனியாக்கும் ஆற்றல் 578, 579 என்று ஏறத்தாழச் சமமாக நிற்கிறது. எஃப் எலக்ட்ரான்களின் மறைப்பு இன்னும் மோசம். லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை மூன்று நேர்மின் அயனியின் ஆரம் 103-இலிருந்து 86 பிக்கோமீட்டருக்கு இறங்கும். லாந்தனைடு குறுக்கம் என்பது இதுவே. இதன் விளைவாக மாலிப்டினமும் அதற்கு நேர் கீழே உள்ள டங்ஸ்டனும் 139 பிக்கோமீட்டர் ஆரத்தோடு ஒன்றுபோல் நிற்கின்றன. தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில் மாலிப்டினம் கந்தகத்தோடு சேர்ந்து மாலிப்டினைட் கனிமமாகக் கிடைக்கிறது. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியில் கார்பனடைட் பாறை (கார்பனேட் கனிமங்கள் நிறைந்த எரிமலைக்குழம்புப் பாறை) இருக்கிறது. உலகெங்கும் இவ்வகைப் பாறைகளில் இலேசான லாந்தனைடுகள் கால்சியத்தின் இடத்தில் நுழைகின்றன. 103-ஐயும் கால்சியத்தின் 100-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

குழப்பும் ஜோடி

எலக்ட்ரான் நாட்டமும் எலக்ட்ரான் கவர்தன்மையும் ஒன்றல்ல. நாட்டம், தனித்த வாயு நிலை அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றல், கிலோஜூலில் அளக்கலாம். கவர்தன்மை, பிணைப்பில் உள்ள ஜோடியைத் தன் பக்கம் இழுக்கும் திறன், அலகு இல்லாத எண். பாலிங் அளவுகோலில் ஃபுளூரின் 3.98, முதலிடம். நாட்டத்தில் குளோரின் 349, ஃபுளூரின் 328. ஃபுளூரினின் இரண்டாம் கூடு மிகச் சிறியது, ஏற்கெனவே நெரிசல். புதிதாக வரும் எலக்ட்ரானை உள்ளே இருப்பவை தள்ளுகின்றன. ஆக்சிஜன் 141, கந்தகம் 200 என்று இருப்பதும் அதே நெரிசலால்தான்.

தனிமம் எது?

அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றலைக் கொடுத்துத் தனிமத்தைக் கேட்டால், எண்களை அடுத்தடுத்து வகுத்துப் பாருங்கள். 590, 1145, 4912 என்று கொடுத்தால் முதல் தாவல் 1.9 மடங்கு, அடுத்தது 4.3 மடங்கு. இரண்டு எலக்ட்ரான் போன பிறகு உள்கூடு தட்டுப்படுகிறது, ஆகவே இரண்டாம் தொகுதி. முதல் எண் 590 என்பதால் கால்சியம். கழித்துப் பார்த்து முடிவெடுத்தால் பெரிய எண்களில் ஏமாறுவீர்கள், வகுத்தலே நம்பகமானது. பயிற்சிக்கு இன்னொன்று: 578, 1817, 2745, 11577. மடங்குகள் 3.1, 1.5, 4.2. முதல் மடங்கு 3.1 என்பதைக் கண்டு முதல் தொகுதி என்று எழுதிவிடக் கூடாது. அது 3பி-இலிருந்து 3எஸ்-க்கும் 1+ அயனிக்கும் போனதால் வந்த ஏற்றம், முதல் தொகுதியின் தாவல் இதைவிடப் பெரிது. சோடியத்தில் 496-இலிருந்து 4562, ஒன்பது மடங்கு. எனவே இங்கே உள்கூடு திறப்பது நான்காவதில். 13-ஆம் தொகுதி, அலுமினியம்.